லைசென்ஸ் வரும்வரை

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடையில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரருடைய எடையையும் அவர் குடிக்கிற தண்ணீரையும் தினமும் குறித்து வைக்கும்படி டயாலிசிஸ் சிஸ்டர் ரெஜினா போன வாரம் சொன்னார். அதற்காக எடுத்தேன். எடை 58.9. தண்ணீர் நாலு டம்ளர்.

இன்றைக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பிள்ளையா குட்டியா, வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், நாங்குநேரி தாண்டியதும் அவருக்குக் கண் சொருகிவிட்டது. கார் ரோட்டை விட்டு இறங்கி உடைமரக் காட்டுக்குள் போனது. நான் போட்ட கூச்சலில்தான் முழித்து பிரேக்கை அமுக்கினார். பக்கக் கண்ணாடி ஒன்று போயிற்று. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீஸ் ஜீப் ஓட்டிய மனிதர். ஒரு கோழிக்குஞ்சு மேல்கூட ஏற்றியதில்லை. ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “இனி நான் இத தொட மாட்டேன் பிரமு” என்றார். “சவத்த தொடாட்டாப் போங்க, உசுரு இருக்குல்லா” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

ஆக்டிங் டிரைவராக சுயம்புவைப் பேசியிருக்கிறோம். பக்கத்துத் தெருதான். நல்ல பையன், நாற்பது வயதிருக்கும். எங்கள் கார், அவன் ஓட்டுகிறான். இவர் முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஐம்பது கிலோமீட்டரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சுயம்பு கியர் மாற்றும்போதெல்லாம் இவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

செவ்வாய், வியாழன், சனி. பன்னிரண்டு மணிக்குப் படுக்க வேண்டும், நாலு மணி நேரம் மெஷின். மூன்று வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. இதயம் பலவீனமாக இருப்பதால் வேறு கிட்னி வைக்க முடியாது என்று முதல் வருடமே சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 6, வெள்ளி

“நீ கார் ஓட்டப் படி” என்கிறார்.

சிரித்துவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு சைக்கிளே தகராறு. இருபத்தாறு வருடம் சத்துணவுக் கூடத்தில் அண்டாவைத் தூக்கித் தூக்கி இடது முட்டி வேறு பேசிக்கொண்டே இருக்கிறது. “எதுக்குங்க, சுயம்புதான் இருக்கானே?”

“அவன் எத்தன நாளைக்கு? நீ படி.”

சொன்னதும் எனக்கும் ஆசை வந்தது. நானே அவரை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம். அடுத்தவன் முன்னால் வாந்தி எடுக்கிற கூச்சம் அவருக்கு இருக்காது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

டிரைவிங் ஸ்கூல் முதல் நாள். சொல்லித் தருகிறவன் பெயர் ஜோயல். வாய் ஓயாமல் பேசுகிறான். “எக்கா, இடது கால் கிளட்ச், வலது கால் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். கிளட்ச்ச பைய விடணும். பைய, பைய.” கார் நகர்ந்தது! நானே ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தோம். வழியில் ஹெட்மாஸ்டர் சம்சாரம் பார்த்தாள், வாயைப் பிளந்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஜூன் 17, செவ்வாய்

எடை 59.4. தண்ணீர் கூடிவிட்டது என்று சிஸ்டர் சத்தம் போட்டார். நான் என்ன செய்வேன், அனல் அடிக்கிறது, மனுசன் நாக்கை நனைக்கக் கூடாதா? காய்கறியை அரிந்து, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன். ருசி எல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சம் சக்கை. அதைத்தான் மூன்று வருடமாகத் தின்கிறார்.

ஜூன் 26, வியாழன்

பாதி டயாலிசிஸில் கெண்டைக்காலில் இழுத்துப் பிடித்துவிட்டது. அம்மா, அம்மா என்று கத்தினார். சிஸ்டரும் நானும் ஆளுக்கொரு காலை அமுக்கினோம். திரும்பும்போது வள்ளியூர் வரை காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஜூன் 30, திங்கள்

டிரைவிங் கிளாஸ் முடிந்தது. “எக்கா, நீங்க பாஸ்” என்று ஜோயல் சொல்லிவிட்டான். கிளாசில் ஒரு நாள்கூட வண்டி என் கையில் ஆஃப் ஆகவில்லை. ஆள் யாரென்று நினைத்தாய் என்று அவனிடம் பெருமை அடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 2, புதன்

மானம் போயிற்று.

காலையில் நம் காரை எடுத்தேன். அவர் பக்கத்தில். காற்றாலைக்குப் போகிற ரோடு நேராகக் கிடக்கிறது, ஆளும் கிடையாது, மாடும் கிடையாது. சாவியைத் திருகினேன், கியர் போட்டேன், கிளட்சை விட்டேன். குதித்து நின்றது. மறுபடி. மறுபடி. பதினாலு தடவை. பதினாலாவது தடவை அவர் தலை டாஷ்போர்டில் இடித்தது. அப்படியும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

“அந்த ஸ்கூல் வண்டில அவன் பக்கத்துலயும் கிளட்ச், பிரேக் உண்டுல்லா?” என்று கேட்டார்.

உண்டு. பார்த்திருக்கிறேன். ஆபத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

“நீ விட விட அவன் அங்கன அமுக்கிருக்கான். பதினஞ்சு நாளும் அவன்தான் ஓட்டிருக்கான். நீ ஸ்டியரிங்க மட்டும் பிடிச்சிருக்க.”

சாயங்காலம் ஜோயலுக்குப் போன் போட்டு நாலு கேள்வி கேட்டேன். “எக்கா, ரோட்டுல வண்டி நின்னுட்டா பின்னால வாரவன் ஏசுவாம்லா, அதான்” என்கிறான். பெரிய உபகாரம். பதினைந்து நாள் காரோட்டிய பெண்பிள்ளை என்று தெருவெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே, அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஜூலை 3, வியாழன்

எடை 58.7. ஊசி குத்துகிற கை வீங்கியிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இந்த நாலு நாளும் காற்றாலை ரோடுதான். ஆக்ஸிலேட்டரைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். கிளட்சை மட்டும் விடு, வண்டி தானாக நகரும் இடம் வரும், அந்த இடம் உன் பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்கிறார். முதல் நாள் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எரிச்சல், அவருக்கு மூச்சு வாங்குகிறது. இன்றைக்குக் காலையில் திடீரென்று தெரிந்தது. பாதத்துக்கடியில் வண்டி லேசாக நடுங்கியது, அப்படியே பிடித்தேன், நகர்ந்தது. “அதான், அதான்! விட்டுராத!” என்று கத்தினார். முதல், இரண்டாவது, மூன்றாவது கியர். காற்றாடிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நானேதான் ஓட்டினேன், இந்தத் தடவை உண்மையாகவே.

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவரும் நானும் இவ்வளவு சந்தோசமாக இருந்த காலைப் பொழுது வேறொன்று ஞாபகம் வரவில்லை.

ஜூலை 9, புதன்

இன்றைக்கு ஸ்டெப்னி மாற்றச் சொல்லிக் கொடுத்தார். போல்ட் நட்டில் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டுமாம். ரேடியேட்டர் தண்ணீர், ஆயில் பார்க்கிற குச்சி, எந்த மெக்கானிக் ஏமாற்ற மாட்டான் என்பது வரை ஒரு பாடம். மெக்கானிக் நம்பரை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். மனுசனுக்கு என்ன அவசரமோ. தோசைக்கு அரைக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

டயாலிசிஸ் நடுவில் பிரஷர் இறங்கிவிட்டது. கண் மேலே போய்விட்டது. கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி என்னென்னவோ செய்தார்கள். பத்து நிமிடம் கழித்து முழித்து, “எதுக்கு எழுப்புனிய?” என்று கேட்டார். சிஸ்டர் ரெஜினா என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தார்.

ஜூலை 11, வெள்ளி

நாளைக்கு வரமாட்டேன் என்கிறார்.

முதலில் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். பிறகு கெஞ்சினேன். பிறகு கண்டபடி பேசினேன். “ஒங்களுக்கென்ன, போய்ச் சேந்துருவிய. நான் என்ன செய்ய? இந்தச் சுவரப் பாத்துட்டு இருக்கவா?” என்று கத்தினேன். கேட்டில் பால்காரர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி இடது கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே புடைத்து, ஊசி குத்திக் குத்தி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. “மூணு வருசம் ஆச்சு பிரமு. படுத்தா அரிப்பு. எந்திச்சா கிறுகிறுப்பு. ஒரு நா மெஷினு, மறுநா அந்த அசதி. இதுல நான் எந்த நாளு உயிரோட இருக்கேன், சொல்லு.”

 அப்புறம் அவரே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஒனக்கு லைசென்ஸ் கைல வாரது வரைக்கும் வாரேன். அதுக்குப் பெறவு என்னய வான்னு சொல்லக் கூடாது. பஸ்சுக்கு நின்னு, அடுத்தவனக் கெஞ்சி நீ அலையக் கூடாது. அத மட்டும் பாத்துட்டுப் போறேன்.”

அப்படியானால் நான் கார் படிப்பது அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்கு இல்லை. ஸ்டெப்னியும் மெக்கானிக் நம்பரும் எதற்கென்று இப்போது தெரிகிறது. நான்தான் புத்திகெட்டுப்போய்க் காற்றாலை ரோட்டில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? நாளைக்கு வந்தால் போதும் என்று இருந்தது.

ஜூலை 12, சனி

வந்தார். எடை 58.2.

ஜூலை 14, திங்கள்

டெஸ்ட். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வண்டி பின்னால் உருண்டுவிட்டது. பெயில். பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டு வாரம் பழகிவிட்டு வாருங்கள் அம்மா என்றார்.

மத்தியானம் முருங்கைக்காய் வாங்கினேன், அவருக்குக் கூடாது என்ற ஞாபகமே இல்லாமல்.

ஜூலை 16, புதன்

“மேட்டுல எப்படி உருளும்? வீட்டுப் பக்கத்துல பாலத்துல நல்லாத்தான எடுத்த?” என்று கேட்கிறார். படபடப்பு என்றேன். படபடப்புதான்.

ஜூலை 22, செவ்வாய்

காரை என் பெயருக்கு மாற்றக் கையெழுத்து வாங்கினார். போட்டேன். டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு இடத்தில்.

அந்த ஹாலுக்கு வெளியே ஒரு பெண் காத்திருக்கிறாள். டெய்லர், பெயர் அமலி, முப்பது வயதிருக்காது. இங்கே கட்டில் காலியில்லை, டயாலிசிஸுக்கு மதுரை வரை போய் வருகிறாளாம். யாராவது நேரத்தை விட்டுக் கொடுத்தால்தான் இடம். வாரம் ஒரு தடவை வந்து சிஸ்டரிடம் கேட்டுவிட்டுப் போகிறாள். எப்படி இடம் காலியாகும் என்று அவளுக்கும் தெரியும். அதனால் கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள்.

ஜூலை 28, திங்கள்

பெயில். திரும்பும்போது இண்டிகேட்டர் போடவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கால் இழுப்பு. இரண்டு தடவை. என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். மோதிர விரல் வீங்கிப்போயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எனக்கு யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. மாவு புளித்துவிட்டது, அதற்குக் கோபம். சுயம்பு டயரில் காற்றுப் பார்க்கவில்லை, அதற்குக் கோபம். சாமி படத்துக்கு விளக்கு ஏற்றவில்லை. ஏற்றி என்ன கேட்பது? அவர் இருக்க வேண்டும் என்று கேட்டால் அவர் வலியைக் கேட்கிறேன். வலி போக வேண்டும் என்று கேட்டால் எதைக் கேட்கிறேன்?

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்றாவது டெஸ்ட். வண்டி கிளம்பவே இல்லை, மூன்று தடவை ஆஃப் ஆயிற்று. இறங்கி வந்தேன். ஜோயல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எக்கா, காலைல மைதானத்துல நீங்கதான ரிவர்ஸ், மேடு எல்லாம் எடுத்துக் காமிச்சிய? எங்க ஸ்கூல்ல ஒங்களவுக்கு யாரும் கிளட்ச் பிடிக்க மாட்டாங்க. என்னாச்சு?” என்றான்.

“வயசாயிட்டுல்லா தம்பி” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, சனி

எடை 59.8. கால் வீக்கம். சுயம்பு ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போகிறானாம், செவ்வாய் காலையில் வந்துவிடுவான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. உடம்பில் சேர்ந்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்தாலும் முடியவில்லை, நின்றாலும் முடியவில்லை, உதடு கறுத்துப்போயிற்று. ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அது வந்து, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரை அவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்சீட்டில் உட்கார வைத்தேன். செருப்புகூடப் போடவில்லை நான். சாவியைத் திருகினேன். அவரால் பேச முடியாது, அதனால் கியரை மாற்று, கிளட்சை விடு என்று சொல்ல ஆளில்லை. டாஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்கு அலைந்தார். நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். நாலுவழிச் சாலையில் லாரிகளை முந்தினேன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என்ன வேகம் என்று பார்க்கவில்லை.

ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் செங்கல் லாரி நின்றுவிட்டது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு பஸ். ஒரு சாண் பின்னால் உருண்டாலும் பஸ்ஸில் இடிக்கும். கிளட்சைப் பாதியில் பிடித்தேன். வண்டி அப்படியே அந்த மேட்டில் நின்றது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. லாரி நகர்ந்ததும் எடுத்தேன். அப்போது அவர் தலையைத் திருப்பி என் காலைப் பார்த்தார். அந்த மூச்சுத் திணறலிலும் பார்த்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தேன். வழியில் ஒரு தடவைகூட வண்டி ஆஃப் ஆகவில்லை.

உடனே மெஷினில் போட்டார்கள். சாயங்காலம் நாலு மணிவாக்கில் மூச்சு சீரானது. கண்ணைத் திறந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“நல்லா ஓட்டுத” என்றார்.

அவர் காலருகே கிடந்த போர்வையை எடுத்தேன்.

“மூணு தடவையும் வேணும்னுதான தோத்த?”

போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

“நீ ஒரு தடவ தோத்தா எனக்கு ஆறு தடவ மெஷினு பிரமு. ஒரு தடவைக்கு ரெண்டு ஊசி.”

திட்டுகிற குரலில் சொல்லவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். கையைக் கழுவி வருகிறேன் என்று எழுந்து போனேன். அந்தக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். ஆமாம், வேண்டுமென்றுதான் தோற்றேன். மூன்று தடவையும். மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தது நான்தான். நான் பெயிலாகிற வரைக்கும் அவர் இருப்பார் என்று இருந்தேன். அவர் எப்படி இருப்பார் என்று நினைக்கவில்லை. இல்லை, அதையும் நினைத்தேன். நினைத்துவிட்டும் செய்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், எடை பார்த்தேன், சுயம்பு ஓட்டினான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேசவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அவர் மெஷினில் இருக்கும்போது டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்தேன். அவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம். தூக்கம் அதிகமாகும். மூச்சுக்கும் வலிக்கும் மருந்து தருவேன், வீட்டுக்கே நர்ஸ் வருவார் என்றார்.

“நான் வற்புறுத்திக் கூட்டிட்டு வரட்டா?”

“வற்புறுத்தலாம்மா. ஆனா நிறுத்தறதைப் பத்தி அவர் எங்கிட்ட மூணு தடவை பேசிட்டார். தெளிவாத்தான் பேசினார். எப்ப மனசு மாறினாலும் கூட்டிட்டு வாங்க, நான் பார்ப்பேன்.”

மூன்று தடவை பேசியிருக்கிறார். வெளியே பெஞ்சில் நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எடை 58.5. அரிப்பு. தூங்கவில்லை. முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். அப்படியே பேச்சு வந்துவிட்டது, முதலில் எண்ணெயைப் பற்றி, பிறகு மற்றதைப் பற்றி.

“பயமா இல்லையா ஒங்களுக்கு?” என்று கேட்டேன்.

“இருக்கத்தான் செய்யுது. மெஷினுக்குப் போறதுக்கு அதவிடப் பயமா இருக்கு.”

“எனக்கு ஒங்க மேல கோவம் கோவமா வருது.”

“வரட்டும். நான் இருக்கும்போதே கோவப்பட்டுக்கோ.”

முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளைக்கு டெஸ்ட். தோற்பதும் என் கையில்தான் இருக்கிறது. கடவுளே, இந்தக் காலை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

பாஸ்.

மேடு, ரிவர்ஸ், எல்லாம். பிரேக் இன்ஸ்பெக்டர், “இவ்வளவு நல்லா ஓட்டுறீங்க, மூணு தடவை எதுக்கும்மா என் நேரத்தைப் போக்குனீங்க?” என்றார். ஜோயல் லட்டு வாங்கி வந்து என் வாயில் திணித்தான். ரோட்டோரமாகப் போய்த் துப்பினேன்.

வீட்டில் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். 

“லைசென்ஸ் தபால்லதான் வரும். ஒரு வாரம் ஆகும்” என்றேன்.

“வரட்டும். அது வரைக்கும் வாரேன்னு சொல்லிருக்கேன்ல.”

செப்டம்பர் 2, செவ்வாய்

எடை 58.8. நான்தான் ஓட்டினேன். முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

நான் ஓட்டினேன். வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். அரை டம்ளர் குடித்தார்.

செப்டம்பர் 6, சனி

நான் ஓட்டினேன். நாலு மணி நேரமும் தூங்கினார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

போஸ்ட்மேன் வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன். பத்து நிமிடம் இருக்கும். “யாரு வந்தது?” என்று உள்ளிருந்து கேட்டார்.

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பீரோவைத் திறந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உறையைக் கிழித்து அந்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய லைசென்ஸைக்கூட அவர் இப்படிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் வழக்கம்போலப் பை எடுத்து வைத்தேன். போர்வை, டவல், ரிப்போர்ட்டு பைல். காரை வெளியே எடுத்து, இன்ஜின் ஓட, ஹாரன் அடித்தேன். ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று நினைத்தேன். வாசலில் வந்து நின்றார். லுங்கியும் பனியனும்தான். தலையை ஆட்டினார்.

இறங்கிப் போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். தெருவில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும். வெகுநேரம் அப்படியே நின்றோம். கார் ஓடிக்கொண்டே இருந்தது.

“போய்ட்டு வா” என்றார்.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு. போன்ல சொன்னா நல்லா இருக்காது. மூணு வருசம் என் கால அமுக்கி விட்ட பிள்ளைக. நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. அந்த டெய்லர் பொண்ணு மதுரைக்கு அலையுதுல்லா, அதுக்கு இன்னைக்கே கெடைக்கட்டும்.”

சுயம்புவின் சம்சாரத்தைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். இடதுபக்க சீட் காலி. நாலுவழிச் சாலையில் ஐந்தாவது கியர் போட்டேன். அழுதுகொண்டு ஓட்டினால் ரோடு தெரியாது என்று அவர் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். ஓரமாக நிறுத்தி, முடித்துவிட்டு, மறுபடி எடுத்தேன்.

டயாலிசிஸ் ஹாலுக்குள் போனபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். அவர் கட்டிலில் புது விரிப்பு போட்டுத் தயாராக இருந்தது. சிஸ்டர் ரெஜினா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ஐயா எங்கக்கா? சுயம்பு கூட்டிட்டு வாரானா?”

“சுயம்பு வரல சிஸ்டர். நாந்தான் ஓட்டிட்டு வந்தேன்.”

“தனியாவா? லைசென்ஸ் வந்துட்டா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். சிஸ்டர் கையைத் தட்டிவிட்டார். “ஏ யப்பா! பாத்தியளா, நம்ம அக்கா அங்கேருந்து தனியா கார் ஓட்டிட்டு வந்திருக்காவ!” என்று ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னார். மெஷினில் படுத்திருந்த ஆறேழு பேரும் திரும்பினார்கள். மூன்றாவது கட்டில் வாத்தியார் ஊசி குத்தாத கையைத் தூக்கிச் சபாஷ் என்றார். ஒரு அம்மா சிரித்தாள். எல்லோரும் சந்தோசமாக என்னைப் பார்த்தார்கள்.

“சிஸ்டர், இந்தக் கட்டில அமலிக்குக் குடுத்திருங்க” என்றேன். “செவ்வா, வியாழன், சனி. மூணு நாளும்.”

சிஸ்டரின் கை தட்டினது தட்டினபடியே நின்றது. அப்புறம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அமலிக்கு அவரே போன் போட்டார். அவள் அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது. நான் அங்கே நிற்கவில்லை.

இரண்டரை மணிக்கு வீடு வந்தேன். சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவரே வந்து கேட்டைத் திறந்தார். ஒரே தடவையில் வண்டியை உள்ளே விட்டு, இன்ஜினை நிறுத்தினேன்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“வழியில எங்கயும் ஆஃப் ஆச்சா?”

“ஆகல” என்றேன்.